வாசகர் கேள்வி: நிலக்கரி இல்லாத நாடு

கேள்வி: நிலக்கரி வளமில்லாத நாடுகள் எவ்வாறு தொழில்மயமாயின? – ஒரு வாசகர், திருச்சி.

பதில்: பிரிட்டனிலும் ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் ஆலைகள் நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டியே பெருகின. நார்வேயின் கதை வேறு. அந்நாட்டுக்கு வாய்த்தவை மலையருவிகள். 1903இல் அந்நாட்டு இயற்பியலாளர் பிர்க்லாந்து, பொறியாளர் ஐடே ஆகிய இருவரும், மின்வில்லின் (இரு மின்முனைகளுக்கு இடையே பாயும் மின்பொறியின்) கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து, அதிலிருந்து உரம் தயாரிக்கும் முறையை உருவாக்கினர். மின்சாரத்தை ஏராளமாக விழுங்கிய அம்முறை, மலிவான நீர்மின்சாரம் இல்லாத நாட்டில் ஆய்வகத்தைத் தாண்டியிருக்காது என்பதே என் கணிப்பு. அம்முறையில் உரம் தயாரிக்க 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தோன்றியது. 1911இல் தென் நார்வேயின் ரியூக்கான் அருகே, ஒரு மலைப் பள்ளத்தாக்கில், வேமார்க் நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது அன்று கடினமாக இருந்ததால், உர ஆலையும், அதனைச் சார்ந்த புதிய ஊரும், குறுகிய அந்தப் பள்ளத்தாக்கிலேயே அமைந்தன.