நாடகத்துக்கு மாடிப்படி: தேக்கைத் தேடி அலையாதீர்கள்

தேவகோட்டை நாடகத்துக்குச் செட்டிநாட்டு வீட்டு மாடிப்படி வேண்டும், பழைய தேக்குப் படிக்கட்டின் விலை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முழுப் படிக்கட்டை வாங்கவே வாங்காதீர்கள். விலை கிடக்கட்டும், அந்தக் கனத்தை மேடையில் ஏற்றி இறக்க யார் வருவார்கள்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், கைப்பிடியும் அதைத் தாங்கும் கடைசல் கால்களும் மட்டும் உதிரியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். பார்வையாளர் கண்ணில் படுவது அவைதான். வாடகைக்கும் கேளுங்கள், கேட்பதில் நட்டமில்லை.

படிகளை உள்ளூர்த் தச்சரிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் செய்துகொள்ளலாம். 4 அடி உயரத்துக்கு, படிக்கு 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் 7 ஏற்றம் வரும். மிதி, அதாவது கால் வைக்கும் பலகையின் அகலம், 11 அங்குலமாவது இருக்கட்டும். கண்டாங்கிச் சேலையோடு நாயகி கீழே பார்க்காமல் இறங்க வேண்டுமே! ஆணிக்குப் பதில் போல்ட் போட்டால் கழற்றி அடுத்த திருவிழாவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று முக்கியம்: வெறும் பலகையில் நடந்தால் மைக்கில் தடதடவென்று கேட்கும், வசனம் எடுபடாது. மிதிகளில் பழைய சாக்கை இழுத்து ஒட்டி, அதன்மேல் தேக்கு நிறம் பூசுங்கள். மேலே ஏறியவர் திரைக்குப் பின்னால் இறங்கவும் வழி வையுங்கள்.