நொய்யலில் முழுகிய கப்பல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொடுமணல் பக்கம் நொய்யல் மடுவில் ரோமாபுரிக் கப்பல் ஒன்று பொற்காசோடு முழுகிக் கிடக்கிறது என்று எங்க ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. நெசமுங்களா?
– வாசகர், சென்னிமலை

பதில்: காசு நிஜம், கப்பல்தான் கதை. மழையை நம்பி ஓடும் நொய்யலில் கடற்கப்பல் ஏறி வர வழியே இல்லை. சரக்கு மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தரைமார்க்கமாக வந்தது. கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டினார்கள்; படியூரில் பெரில் என்ற மணிக்கல்லை எடுத்தார்கள். பதிலுக்கு வந்த வெள்ளிக்காசில் 522, கோவை அருகே வெள்ளலூரில் 1842-ல் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. கி.பி. 64-ல் பின்வந்த பேரரசன் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். எடை பார்த்து வாங்குகிற நம்மூர் வியாபாரிக்குப் பழைய காசுதான் பிடித்திருக்கிறது.

கடலிலும் எல்லாக் கப்பலும் தங்கக் கப்பல் அல்ல. பூம்புகார் அருகே 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலில் எடுத்தவை, 1791, 1792 என்று பொறித்த ஈயக்கட்டிகள்.

கேள்வி: ‘கடலில் முழுகிய கப்பல் காசு’ என்று சந்தையில் ரோமானிய வெள்ளிக்காசு விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, காங்கயம்

பதில்: வேண்டாம். கடலில் கிடந்த வெள்ளி கருத்து, பொருக்குத் தட்டியிருக்கும். பளபளவென்று இருந்தாலே சந்தேகப்படுங்கள். அசல் காசு சுமார் 18 மி.மீ. அகலம், நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, லென்ஸில் ஊசிக்குத்துக் குழிகள் தெரிந்தால் அச்சில் வார்த்த போலி. இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் விசாரிக்கவே வேண்டாம். காந்தத்தில் ஒட்டவில்லை என்பது சான்றாகாது. ஈயமும் பித்தளையும்கூட ஒட்டாது.

கேள்வி: கிணறு வெட்டும்போது காசுப்பானை கிடைத்தால்?
– வாசகர், பல்லடம்

பதில்: பானையைக் கவிழ்க்காதீர்கள், புளி போட்டுத் துலக்காதீர்கள், எழுத்து போய்விடும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம், அல்லது கேட்கும்போது தருவதாகப் பிணை கொடுக்கலாம். உரிமையாளர் இல்லை என்று அறிவித்து, வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.