மேடையில் யாரைக் காணோம்?

கேள்வி: 2025 செப்டம்பர் 3-ம் தேதி பெய்ஜிங்கில் நடந்த ராணுவ அணிவகுப்பை டி.வி.யில் பார்த்து மலைத்துப்போனேன். ஒரு பக்கம் புடின், இன்னொரு பக்கம் கிம், நடுவில் ஷி ஜின்பிங். ஒரு மனிதர் கையில் இவ்வளவு அதிகாரம் எப்படிச் சேர்ந்தது? நமக்கும் இப்படி ஒரு தலைவர் வேண்டாமா?
— ஒரு வாசகர், அதியமான்கோட்டை, தருமபுரி மாவட்டம்

பதில்: அதியமான்கோட்டைக்காரரா இப்படிக் கேட்பது! தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டியபோது ஔவையார் என்ன சொன்னார் என்று உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்கள். உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு பளபளக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். சீன ராணுவமும் 1979-ல் வியட்நாமோடு மோதியதற்கு அப்புறம் பெரிய போர் எதையும் பார்க்கவில்லை. அதற்காக இளக்காரமாக எண்ணிவிடவும் வேண்டாம். 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேரைப் பறிகொடுத்திருக்கிறோம்.

சரி, அதிகாரம் சேர்ந்த கதைக்கு வருவோம். அங்கே ராணுவம் அரசுக்குச் சொந்தமில்லை, கட்சிக்குச் சொந்தம். மத்திய ராணுவ ஆணையத்தின் தலைமை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எஜமான். ஹூ ஜின்டாவோ 2002-ல் கட்சிப் பொதுச்செயலாளர் ஆனபோது, முன்னவர் ஜியாங் ஜெமின் அந்த நாற்காலியை மட்டும் 2004 வரை விடவில்லை. ஷிக்கு 2012 நவம்பரில் இரண்டும் ஒரே வீச்சில் கிடைத்தன. மறு ஆண்டு அதிபர் பதவியும் வந்தது.

அடுத்து ஊழல் ஒழிப்பு. போலீஸையும் உளவுத் துறையையும் ஆட்டிவைத்த சௌ யோங்காங்குக்கே 2015-ல் ஆயுள் தண்டனை. ஊழல் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, தாராளமாகவே நடந்தது. யார் வீட்டுக் கதவை எப்போது தட்டுவது என்ற முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதுதான் விஷயம்.

2018 மார்ச்சில், அதிபர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அரசியல் சட்ட வரம்பை எடுத்துவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் ஆதரவாக 2,958 வாக்கு, எதிராக இரண்டே இரண்டு. இத்தனைக்கும் மூன்று பதவிகளில் அதிகாரம் குறைந்தது அதிபர் பதவிதான், மற்ற இரண்டுக்கும் அப்படி எழுதிவைத்த வரம்பே கிடையாது. அப்புறம் ஏன் மெனக்கெட்டார்கள்? ‘அடுத்தது யார்?’ என்று எவரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தருமபுரி நான்கு ரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்தால் யார் படம் பெரிது என்று பார்ப்பதோடு நீங்கள் நிறுத்திக்கொள்வீர்களா? போன வாரம்வரை இருந்த படம் இப்போது எங்கே என்று தேடுவீர்கள். பெய்ஜிங் மேடையையும் அப்படிப் பாருங்கள். ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவர் ஹ வெய்டோங்கை அன்று காணவில்லை. அடுத்த மாதமே கட்சியை விட்டு விலக்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. 2022-ல் ஷி தானே பார்த்து உட்காரவைத்த ஆணையத்தில் ஹ வெய்டோங்குக்கு முன்பே லி ஷாங்ஃபு, மியாவ் ஹுவா இருவரும் பதவி இழந்துவிட்டார்கள். முதல் சுற்றில் வீழ்ந்தவர்கள் முந்தைய தலைமுறையின் ஆட்கள். இப்போது வீழ்பவர்கள் ஷியே மேலே ஏற்றிவிட்டவர்கள். நீங்கள் மலைத்துப்போன அந்தப் பிடி, சொந்த ஆட்களையே நம்ப முடியாத பிடி.

நமக்கும் வேண்டாமா என்கிறீர்கள். இந்திரா காந்தி நெருக்கடி நிலையில் 21 மாதம் அப்படி இருந்து பார்த்தார். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, இங்கே தி.மு.க. ஆட்சியும் 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. 1977 மார்ச்சில் ரேபரேலிக்காரர்கள் அவரைச் சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷி மூன்றாவது முறை அதிபரானது 2023-ல். ஆதரவு 2,952, எதிர்ப்பு பூஜ்யம். அந்த இரண்டு ஓட்டும் காலி. உங்களுக்கு அது பிடித்திருந்தால் உங்கள் இஷ்டம். எனக்கு வேண்டாம்.