காரில் குழந்தையின் இடம்: சட்டம் எதுவரை, பெற்றோர் விருப்பம் எதுவரை?

கேள்வி: துபாயில் இருக்கும் என் மகளும் மருமகனும் பதினொரு மாதப் பேரனுடன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் காரில் குழந்தை இருக்கை ஒன்றை வாங்கிப் பொருத்தி வைக்கும்படி மகள் சொல்கிறாள். என் மனைவியோ, "நான்கு பிள்ளைகளை மடியில் வைத்துத்தானே வளர்த்தோம்? பச்சைப் பிள்ளையைக் கட்டிப்போட்டா கூட்டி வருவது?" என்று வருந்துகிறாள். ஒரு மாதப் பயன்பாட்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய் செலவிடத்தான் வேண்டுமா? நம் வீட்டுப் பிள்ளையை நாம் எப்படி ஏற்றிச் செல்கிறோம் என்பதில் அரசு தலையிடுவது முறைதானா? — கீழக்கரை வாசகர்

பதில்: 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் காரை ஓட்டுபவருக்கும், அப்படி ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 'பெல்ட்டாலோ, இருக்கையாலோ' என்று சட்டம் இரண்டு வழிகளைச் சொன்னாலும், பதினொரு மாதக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட் எந்த வகையிலும் பொருந்தாது என்பதால், உங்கள் பேரனுக்கு மிஞ்சுவது இருக்கை ஒன்றுதான். உங்கள் மகள் வாழும் நாட்டில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருக்கை இல்லையென்றால் 400 திர்ஹம் அபராதத்துடன் ஓட்டுநர் உரிமத்தில் நான்கு கரும்புள்ளிகளும் சேரும். 2017 முதல் அங்கே அதுதான் விதி. ஆகவே அவர் கேட்பது ஆடம்பரம் அன்று, அன்றாடப் பழக்கம்.

ஆனால் அபராதத்தைக் காட்டி உங்கள் மனைவியின் கேள்வியை மூடிவிட நான் விரும்பவில்லை. அவர் கேட்பது பாசத்தின் கேள்வி, அதற்கு நேரான பதில் வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, 140 கிலோ பாரத்தைத் தாங்குவதற்கு ஈடான வலு கைகளுக்கு வேண்டும். விசைப்படகில் வலை இழுத்துப் பழகிய கைகளுக்கும் அது இயலாது. அதிலும் மடியில் வைத்திருப்பவர் பெல்ட் அணியாதிருந்தால், அவருடைய முழு எடையும் குழந்தைக்குப் பின்னாலிருந்து வந்து அதை முன் இருக்கையோடு சேர்த்து நசுக்கும். மதுரையிலிருந்து நம் பக்கம் வரும் நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் என்பது குறைந்த வேகம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இந்த மடி விவாதம் நம் ஊரில் பிறந்ததும் அன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலம்தான் அந்நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கியது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்தச் சட்டம் 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் உரிமையில் அரசு கைவைக்கிறது என்று அன்றும் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு இணங்கி, பெரியவர் ஒருவர் கையில் வைத்திருக்கும் கைக்குழந்தைக்கு இருக்கை தேவையில்லை என்று ஒரு விலக்கையும் சட்டத்தில் சேர்த்தார்கள். எவருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களையே அந்த விலக்கு வெளியே நிறுத்தியது. சாண்டர்ஸ் ஓயாமல் வாதாடியதன் பயனாக 1981இல் அது நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. சரியாகப் பொருத்திய இருக்கை, காரில் செல்லும் கைக்குழந்தைகளின் உயிரிழப்பு அபாயத்தை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ளவர்களின் அபாயத்தை 54 விழுக்காடும் குறைப்பதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணித்திருக்கிறது.

மறுதரப்பிலும் பொருட்படுத்த வேண்டிய வாதங்கள் உண்டு. விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பைத் தடுப்பதில் தனி இருக்கை சாதாரண சீட் பெல்ட்டைவிடப் பெரிதாக மேம்பட்டதாகத் தெரியவில்லை என்று எழுதினார். அந்த முடிவை மறுத்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் அவருடைய வாதத்தைக் கையில் எடுக்கும்போது ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் ஒப்பிட்டது இருக்கையையும் பெல்ட்டையும்தான். நம் கார்களில் நடக்கும் போட்டியோ இருக்கைக்கும் மடிக்கும் இடையில். மூன்று சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சிறிய காரின் பின்வரிசையில் மூன்று இருக்கைகள் அடங்காது என்ற குறை உண்மையானது. அதற்குச் சட்டத்தில் விடை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த இருக்கை, என்ன விலை, எத்தனை வயதுவரை, நீண்ட பயணத்தில் எங்கெங்கே நிறுத்திக் குழந்தையை எடுத்து ஆற்றுவது என்பவையெல்லாம் பெற்றோரின் விருப்பத்துக்குரியவை, அவற்றில் அரசு வராதிருப்பதே நல்லது. பிணைப்பதா வேண்டாமா என்ற கேள்வியை மட்டும் அந்தப் பட்டியலில் என்னால் சேர்க்க முடியவில்லை. ஏனென்றால் அங்கே விருப்பத்தைச் சொல்பவர் ஒருவர், அதன் விளைவை உடலில் ஏற்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

இனி வாங்குவதைப் பற்றி. பேரனுக்கு வேண்டியது, காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமரும் வகை. அந்த வயதில் தலை பெரிது, கழுத்தெலும்பு இளசு. பின்னோக்கிய இருக்கையில் தலையும் முதுகும் சேர்ந்து தாங்கப்படும். ஆர்129 என்ற சர்வதேச விதியின்படி பதினைந்து மாதம் கடக்கும்வரை குழந்தை பின்னோக்கித்தான் அமர வேண்டும். இருக்கையில் ஒட்டியுள்ள வில்லையில் அந்த எண்ணோ, பழைய விதியான ஆர்44 என்ற எண்ணோ, நம் நாட்டுத் தரமான ஏஐஎஸ்-072 என்பதோ இருக்கிறதா என்று பாருங்கள். வில்லையே இல்லாமல் விலை மட்டும் மலிவாக இருப்பதை வாங்காதீர்கள். பெல்ட் இல்லாமல் நேராகக் காரோடு மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள இருக்கையானால், உங்கள் காரின் பின் இருக்கை மடிப்பில் அதற்கான இரும்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். இல்லையென்றால் தோள்வரை வரும் மும்முனை பெல்ட்டால் பிணைக்கும் வகையைக் கேளுங்கள்.

ஒரு மாதத்துக்காகவா என்று கேட்டீர்கள். உங்கள் மகள் அங்கே பயன்படுத்தும் இருக்கையையே கொண்டு வரச் சொல்லுங்கள். பல விமான நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. பயணச்சீட்டு எடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். அதுவே குறைந்த செலவு, குழந்தைக்கும் பழகிய இடம். உறவினர் வீட்டுப் பழைய இருக்கையை இரவல் வாங்குவதானால், அது விபத்தில் சிக்காதது என்று கொடுப்பவர் உறுதி சொல்ல வேண்டும். அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியும் கடந்திருக்கக் கூடாது.

கேள்வி: ராமேசுவரத்தில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். குடும்பமாக வருகிறவர்கள் குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். பாம்பன் பாலம் வந்தால் கடலைக் காட்டுவதற்காக ஜன்னலில் நிற்க வைக்கிறார்கள். சொன்னால், "எங்கள் பிள்ளை, எங்கள் விருப்பம்" என்கிறார்கள். அபராதம் வந்தால் யார் கட்டுவது? வருகிற ஒவ்வொரு வயதுக்கும் இருக்கை வாங்கி வைக்க என்னால் முடியுமா?

பதில்: சட்டத்தின் கண்ணில் முதலில் நிற்பவர் ஓட்டுகிற நீங்கள்தான். வாடகைக்கு வந்தவர்கள் மறுத்தார்கள் என்பது அபராதத்திலிருந்து உங்களைக் காக்காது. ஆகவே வண்டியைப் பதிவு செய்யும்போதே, "குழந்தை இருக்கிறதா, என்ன வயது, பின் இருக்கையில் பெல்ட் போட்டுத்தான் வர வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பாலத்தின் நடுவில் சொன்னால் வாக்குவாதமாகும், தொலைபேசியில் சொன்னால் நிபந்தனையாகும். முன் இருக்கை மடியை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். மோதும்போது ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமானது. அதே காரணத்தால் பின்னோக்கிய குழந்தை இருக்கையையும் அங்கே வைக்கக் கூடாது.

எல்லா வயதுக்கும் வாங்க வேண்டியதில்லை. 9 கிலோவிலிருந்து 36 கிலோவரை மாற்றி அமைத்துக்கொள்ளும் இருக்கை ஒன்று இருந்தால், முன்னோக்கி அமரும் வயதுடைய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது போதும். கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் சொந்த இருக்கையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் நிறுத்தத்தில் பத்து வண்டிகள் நிற்குமானால், எல்லோரும் பணம் போட்டு இரண்டு மூன்று இருக்கைகளைப் பொதுவில் வைத்து மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாமே. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு உயரம் கூட்டும் அடி இருக்கை நல்லது. அது இல்லாமல் பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டால் மேல்பட்டை கழுத்தில் உரசும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும். மேல்பட்டை தோள் நடுவிலும் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பிலும் படிய ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வேண்டும்.

நம் கடற்கரைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தனுஷ்கோடி போய்த் திரும்பும் பிள்ளைகளின் காலோடு வரும் மணல் பூட்டுக்குள் இறங்கினால், பட்டை மாட்டியதுபோல் தெரியும், ஆனால் மாட்டியிருக்காது. ஒவ்வொரு முறையும் 'க்ளிக்' ஓசை கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெயிலில் நின்ற வண்டியில் பூட்டின் இரும்பு குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும் என்பதால், நிறுத்திவிட்டுப் போகும்போது ஒரு துண்டால் மூடிவிட்டுப் போங்கள்.

பெல்ட் போடாதபோது ஒலிக்கும் எச்சரிக்கையை அடக்க ஒரு சிறு கொக்கியைச் செருகி வைக்கும் பழக்கம் வாடகை வண்டிகளில் இருக்கிறது. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்கள்மீது நடவடிக்கை எடுத்து, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது இந்தக் கொக்கிக்காகத்தான். உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே கழற்றி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை, மோட்டார் சைக்கிள்தான். மூன்று வயது மகளுக்காக இணையத்தில் வாங்கிய பாதுகாப்புப் பட்டையின் தையல் பத்து நாளில் பிரிந்துவிட்டது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். இந்தப் பட்டை உண்மையில் கட்டாயமா? — தொண்டி வாசகி

பதில்: கட்டாயம்தான். 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மத்திய விதியின்படி, ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்வோர் குழந்தையைத் தம்முடன் பிணைக்கும் பட்டையைப் பயன்படுத்த வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதைக் கடந்தவர்களுக்கு ஹெல்மெட்டை ஏற்கெனவே சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. தூங்கிச் சரியும் பிள்ளை நழுவி விழாமல் காப்பதே பட்டையின் முதல் பயன். அதனால்தான் அது 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

பத்து நாளில் தையல் பிரிந்த பட்டை அந்த விதிக்கு உட்பட்ட பொருளாக இருக்க முடியாது. ஆகவே, 'பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று விற்பவர் கைவிரிப்பதை ஏற்க வேண்டியதில்லை. பிரிந்த இடத்தைப் படம் எடுங்கள், ரசீதையும் விற்பனைப் பக்கத்தில் இருந்த விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள், குறையை எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய்வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. வழக்கு முடியும்வரை அந்தப் பட்டையை எறிந்துவிடாதீர்கள், மகளுக்கு மீண்டும் மாட்டவும் வேண்டாம்.