வகுப்பில் யோசிப்பது யார்? பொறியியல் கல்வி: கேள்வி பதில்

மின் பொறியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், வகுப்பறை பற்றிய கடிதங்களை ஆசிரியர் குழு என்னிடம் அனுப்பிவிடுகிறது. இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஆசிரியரே பேசி முடிக்கும் விரிவுரைக்குப் பதில், மாணவர்களே யோசித்துப் பேசும் வகுப்பு.

தனியார் கல்லூரியில் ஈ.ஈ.ஈ. (மின்னியல், மின்னணுவியல்) துறையில் பணிபுரிகிறேன். இனி 'மாணவர் மையக் கற்பித்தல்' கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. வகுப்பில் 60 பேர். ஐந்து யூனிட்டை முடிக்கவே நேரம் போதவில்லை. இதில் குவிஸ், ரோல் பிளே, குழு விவாதம் எல்லாவற்றையும் எங்கே நுழைப்பது மேடம்?
உதவிப் பேராசிரியர், நாமக்கல்

ரோல் பிளேயை விட்டுவிடுங்கள். சர்க்யூட் தியரிக்கு அது தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல கேள்வி, பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடமும் வாயைத் திறக்காமல் இருக்கும் பொறுமை.

நான் பல ஆண்டுகள் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பேட்டரி. அதோடு தொடரில் 'ஏ' என்ற பல்பு. அதற்கு அடுத்து 'பி', 'சி' என்று இரண்டு பல்புகள் இணையாக. மூன்றும் ஒரே மாதிரி பல்புகள். இப்போது 'சி'யைக் கழற்றிவிட்டால் 'ஏ'யும் 'பி'யும் என்ன ஆகும்? கணக்கு போடக்கூடாது, யோசித்து மட்டும் சொல்ல வேண்டும்.

மின்சுற்றுக்கான கிர்ச்சாஃப் விதியை வைத்து இரண்டு பக்கத்துக்கு சமன்பாடு எழுதுகிற பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். "ஏ மாறாது மேடம், கரண்ட் முதலில் அங்கேதானே வருகிறது, பின்னால் நடப்பது அதை எப்படிப் பாதிக்கும்?" என்பது வழக்கமாக வரும் பதில். இன்னொரு கூட்டம், "சி-யின் கரண்டும் பி-க்கே போகும், அதனால் இரண்டு மடங்கு" என்று சொல்லும். இரண்டும் தவறு. பேட்டரி 12 வோல்ட், பல்பு ஒவ்வொன்றும் 6 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மொத்தத் தடை 9 ஓம். ஏ-யில் 8 வோல்ட், பி-யில் 4 வோல்ட். சி-யைக் கழற்றியதும் மொத்தத் தடை 12 ஓம் ஆகிறது. இரண்டிலும் 6 வோல்ட். அதாவது ஏ மங்கும், பி பிரகாசமாகும். பி-யின் கரண்ட் இரண்டு மடங்கு ஆகவில்லை, ஒன்றரை மடங்குதான் ஆகிறது.

இதை நீங்களே பலகையில் போட்டு விளக்கினால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லோரும் தலையாட்டுவார்கள். 'கரண்ட் முதலில் ஏ-க்கு வருகிறது' என்ற எண்ணம் மட்டும் மண்டைக்குள் அப்படியே இருக்கும். அதனால் இப்படிச் செய்யுங்கள். கேள்வியைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு விரலைக் காட்டி விடை சொல்லட்டும்: ஒரு விரல் 'மாறாது', இரண்டு விரல் 'மங்கும்', மூன்று விரல் 'பிரகாசமாகும்'. நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், வேறு விடை சொன்னவனைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். சத்தம் வரும், வரட்டும். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காது கொடுத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். மறுபடியும் விரல். கடைசியாகத்தான் உங்கள் விளக்கம். முடிந்தால் ஒரு பலகையில் டார்ச் பல்புகளை மாட்டி எடுத்துப் போங்கள். பி பளிச்சென்று எரிவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாஸூர். 1990 வாக்கில் தன் மாணவர்களுக்கு விசை பற்றிய எளிமையான தேர்வு ஒன்றை வைத்தார். அதில் சூத்திரமே தேவையில்லை. ஒரு மாணவி எழுந்து, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்ற பொருளில் கேட்டாராம். ஹார்வர்டிலேயே இந்த நிலை என்றால் நம் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் சுற்றில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் மட்டுமே பக்கத்தில் பேசவிடுவது அவருடைய கணக்கு. அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும், மேலே என்றால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

சரி, போர்ஷன் எப்படி முடியும்? உண்மையைச் சொன்னால், பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிற நீளமான தருவிப்புகளைப் பலகையில் மறுபடி எழுதுவதை நிறுத்தினால் முடியும். நாம் பார்த்து எழுத, அவர்கள் பார்த்து எழுத, பீரியட் போய்விடுகிறது. என்.பி.டி.இ.எல். என்ற இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகவே இருக்கின்றன. அதில் ஒரு பகுதியை முன்தினம் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்க மாட்டார்கள்தான். பார்க்காமல் வந்தால் விரல் காட்டும்போது முழிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், பார்ப்பவர்கள் கூடுவார்கள். வாரத்துக்கு இரண்டு கேள்வியோடு தொடங்குங்கள், போதும்.

மகள் முதலாம் ஆண்டு படிக்கிறாள். "சார் எதுவுமே நடத்துவதில்லை, கேள்வியைப் போட்டுவிட்டு நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்" என்று புலம்புகிறாள். இதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோம்?
ஒரு தாய், தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. ஆனால் மகளின் புலம்பலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு நல்ல பேச்சாளரின் கோர்வையான விரிவுரை, இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், ஆனால் தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போடும் வகுப்பு. பிறகு வைத்த தேர்வில் முட்டி மோதியவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். 'நிறையக் கற்றுக்கொண்டோம்' என்று சொன்னவர்களோ விரிவுரை கேட்டவர்கள். காதுக்குச் சுகமாக இருந்தால் புரிந்த மாதிரி தோன்றும், யோசித்தால் தலை வலிக்கும். பிளஸ் டூ வரை நோட்ஸை மனப்பாடம் செய்தே வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் இது கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பேசி முடித்த பிறகு அந்த ஆசிரியர் திரும்ப வந்து, எது சரி, ஏன் சரி என்று சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் உங்கள் மகள் நல்ல கையில் இருக்கிறாள். கேள்வியைப் போட்டுவிட்டு மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் உங்கள் கோபம் நியாயம். தயங்காமல் துறைத் தலைவரைப் (ஹெச்.ஓ.டி.) பாருங்கள்.

நான் தமிழ்வழியில் படித்து வந்தவன். சிவில் இரண்டாம் ஆண்டு. குழுவாகப் பேசச் சொன்னால் வாயே திறப்பதில்லை. விஷயம் தெரிகிறது, இங்கிலீஷ் வருவதில்லை. என்ன செய்வது?
மாணவன், திருவண்ணாமலை

தம்பி, தமிழில் பேசு. யார் தடுத்தது? உன் ஆசிரியர் தடுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு. ஒரு பீமின் நடுவில் பாரம் ஏற்றினால் மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், அதனால்தான் கம்பியைக் கீழே போடுகிறோம் என்று உன்னால் தமிழில் சொல்ல முடிந்தால் உனக்குப் பாடம் தெரியும். அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியதே 2010-இல். பெண்டிங் மொமென்ட், ஷியர் ஃபோர்ஸ் போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள், வாக்கியம் தமிழில் இருக்கட்டும். பேசி முடித்ததும் அதே விஷயத்தை நோட்டில் நான்கு வரி இங்கிலீஷில் எழுதிவிடு. பரீட்சைக்கு அந்தப் பழக்கம் வேண்டும். முதலில் புரியட்டும், மொழி பின்னாலேயே வரும்.

ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: பக்கத்து பெஞ்சோடு பேசும் நேரத்தில் "ஒன்லி இங்கிலீஷ்" என்று அதட்டாதீர்கள். அந்த அதட்டலில் வகுப்பில் பாதிப் பேர் யோசிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

சி.ஓ. (ஒரு பாடத்தின் கற்றல் விளைவு), பி.ஓ. (முழுப் படிப்பின் கற்றல் விளைவு) மேப்பிங், கோர்ஸ் ஃபைல்... இதெல்லாம் மாணவருக்கு எந்த வகையில் உதவுகிறது?
இணைப் பேராசிரியர், விருதுநகர்

பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. அதன் பிறகு, என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் 'டயர்-1' அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குப் பிற உறுப்பு நாடுகளிலும் மதிப்புக் கிடைத்தது. பாடம் முடிந்ததும் மாணவனால் என்ன செய்ய முடிகிறது என்று ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அங்கீகாரத்துக்கும், சி.ஓ., பி.ஓ.வுக்கும் அடிப்படை. அருமையான எண்ணம். அது ஃபைலோடு நின்றுவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு சி.ஓ.வுக்கும் மேலே சொன்ன பல்பு கேள்வி மாதிரி ஒன்றைத் தயார் செய்து வையுங்கள். ஃபைலும் நிறையும், வகுப்பும் நடக்கும்.

சாக்பீஸும் பலகையும் வைத்துப் படித்த நாங்கள் அணை கட்டவில்லையா? விரிவுரையை ஏன் இப்படித் தூக்கி எறிகிறீர்கள்?
ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர், சேலம்

தூக்கி எறியச் சொல்லவில்லை ஐயா. உங்களுக்குச் சைட்டில் மேஸ்திரியோடும் மூத்த பொறியாளரோடும் நின்று கற்றுக்கொள்ள ஆண்டுகள் கிடைத்தன. பாதிப் படிப்பு அங்கேதான் நடந்தது. அன்று கல்லூரிக்குள் வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம். மாணவர்கள் பங்கேற்ற வகுப்புகளில் 21.8. அரியர் என்ற சொல் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று பார்த்தவள் நான். அந்த 12 சதவீதம் எனக்குச் சாதாரண எண்ணாகத் தெரியவில்லை.

மினி பிராஜெக்டில் நான்கு பேர் குழு. வேலை செய்பவள் நான் ஒருத்தி. மார்க் நால்வருக்கும் ஒன்று.
மாணவி, கோயம்புத்தூர்

இது உன் ஆசிரியர் சரிசெய்ய வேண்டிய விஷயம் அம்மா, நீ சண்டை போட்டுத் தீர்க்க வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கிய நாளிலிருந்தே குழு பிராஜெக்டுகளை நம்பி நடக்கிறது. செமஸ்டரில் ஏறக்குறைய பாதி அதற்கே போகிறது. அங்கே அறிக்கையைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை, வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும். உன் ஆசிரியரிடம் இரண்டே கோரிக்கை வை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ரிவ்யூ, அதில் யார் பேச வேண்டும் என்பதை அவரே அந்த நேரத்தில் சொல்லட்டும். வைவாவில் புரோகிராம் எழுதியவரிடம் சர்க்யூட்டையும், சால்டரிங் செய்தவரிடம் புரோகிராமையும் கேட்கட்டும். முதல் ரிவ்யூ முடிந்த அன்று சாயங்காலமே மற்ற மூவரும் லேபுக்கு வந்து, "இந்த லைன் எதுக்கு?" என்று உன்னிடம் கேட்பார்கள். அப்போது பழைய கோபத்தைக் காட்டாமல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடு.