எம்.எஸ். நோயில் நரம்பு ஏன் பட்டுப்போகிறது? இழைமணி பற்றிக் கேள்வி பதில்

நான் டொக்டர் இல்லை. ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்து பதினான்கு வருடமாகிறது. அவளுக்காகத்தான் இந்த நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கலத்துக்குள் சக்தி செய்யும் நுண்ணுறுப்பு என்று வகுப்பில் படிப்பித்த இழைமணிக்கு, அதாவது மைட்டோகொண்ட்ரியாவுக்கு, இந்த நோயில் இவ்வளவு பங்கு இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதைப் பற்றிக் கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

கொட்டகலை: டீச்சர், எம்.எஸ். என்றால் நரம்பின் மேலிருக்கும் உறை உரிந்து போவது என்கிறார்கள். வயரின் பிளாஸ்டிக் உரிந்தாலும் உள்ளே செம்புக்கம்பி இருக்கத்தானே செய்கிறது? நரம்பு மட்டும் ஏன் சாகிறது?

நல்ல கேள்வி. செம்புக்கம்பிக்குப் பசிக்காது, நரம்புக்குப் பசிக்கும். உங்கள் கேள்விக்கு அதுதான் விடை. கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நரம்புக்கலத்தின் நீண்ட வாலுக்கு ஆக்சன் என்று பெயர். மூளையிலிருந்து இடுப்பு வரை ஒரே கலத்தின் வாலாகவே இறங்கி வருவதும் உண்டு. அதன் மேல் மயலின் உறை துண்டு துண்டாகச் சுற்றியிருக்கும். துண்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள். சோடியம் அயன்கள் உள்ளே வரும் கதவுகள் பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் நெருக்கமாக இருக்கின்றன. செய்தி ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத கடுகதி ரயில் மாதிரி.

ஒவ்வொரு செய்தியின்போதும் கொஞ்சம் சோடியம் உள்ளே வருகிறது. அதை வெளியே இறைக்க ஒரு பம்பு உண்டு. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்க அதற்கு ஒரு ஏ.டி.பி. செலவாகும். ஏ.டி.பி. என்பது கலம் செலவழிக்கும் சக்திக் காசு. அந்த ஏ.டி.பி.யில் பெரும்பகுதியைச் செய்து கொடுப்பது இழைமணி.

எப்படிச் செய்கிறது என்பதைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன். அங்கே தேங்கிய தண்ணீர் விமலசுரேந்திர மின் நிலையத்துக்கு இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. இழைமணியில் தண்ணீருக்குப் பதில் ஐதரசன் அயன்கள். உள்மென்சவ்விலுள்ள 1, 3, 4ஆம் தொகுதிகள் என்னும் புரத இயந்திரங்கள் அவற்றை மேலே ஏற்றித் தேக்கி வைக்கின்றன. அவை திரும்ப இறங்கும்போது இன்னொரு புரதம் டர்பைன் போலவே சுற்றி ஏ.டி.பி.யைச் செய்கிறது. சும்மா உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சுற்றுகிறது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஒட்சிசன் கடைசியில் போய்ச் சேருவது அந்த 4ஆம் தொகுதிக்கு.

இப்போது உறை உரிந்துவிட்டது என்று வையுங்கள். இடைவெளிகளில் மட்டும் இருந்த சோடியக் கதவுகள் ஆக்சன் முழுக்கப் பரவுகின்றன. கடுகதி ரயில் இனி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிறது. செய்தி ஒருவழியாகப் போய்ச் சேரும், ஆனால் உள்ளே வரும் சோடியம் பல மடங்கு. பம்புக்கு ஏ.டி.பி. கூடுதலாக வேண்டும். அதைக் கொடுக்க இழைமணிகள் அந்த வெறும் இடத்துக்கு நகர்ந்து வந்து கூடுகின்றன. நரம்பு தன்னைக் காப்பாற்றப் பாடுபடுகிறது.

ஆனால் அதே இடத்தில், உறையைத் தாக்கி உரித்த நோயெதிர்ப்புக் கலங்கள் நைட்ரிக் ஒட்சைட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அது 4ஆம் தொகுதியை அடைக்கும். தேவை ஏறும் நேரத்தில் உற்பத்தி இறங்குகிறது. பம்பு நிற்கிறது, சோடியம் தேங்குகிறது. வழக்கமாகச் சோடியத்தை உள்ளே விட்டுக் கல்சியத்தை வெளியே தள்ளும் ஒரு மாற்றி, அப்போது தலைகீழாக ஓடிக் கல்சியத்தை உள்ளே கொண்டுவருகிறது. கல்சியம் கூடினால் புரதத்தை வெட்டும் நொதிகள் விழித்துக்கொண்டு ஆக்சனை உள்ளிருந்தே அறுத்துவிடும். நரம்பு சாவது இப்படித்தான்.

1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எம்.எஸ். நோயாளரின் மூளையில் அழற்சி, அதாவது அந்தக் கலங்களின் தாக்குதல், மும்முரமாக இருந்த இடங்களில் ஒரு கன மில்லிமீட்டருக்குள் 11,000க்கு மேற்பட்ட அறுந்த ஆக்சன்களை எண்ணினார்கள். நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே அறுதல் தொடங்கிவிடுகிறது. "லேசாகத்தானே இருக்கிறது, பிறகு பார்ப்போம்" என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம் என நான் மன்றாடுவது அதனால்தான்.

நுவரெலியா: கிளினிக்குக்காகக் கொழும்புக்கு இறங்கினால் என் வலது கண் மங்குகிறது. ஊருக்கு வந்து ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. கொழும்புச் சூடு என் நரம்பைக் கொல்கிறதா?

இல்லை, பயப்படாதீர்கள். 1890இல் வில்ஹெம் ஊட்ஹோஃப் என்ற ஜேர்மன் கண் டொக்டர், உடம்பை வருத்திய பிறகு நோயாளரின் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். உடற்சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. உறை இழந்த ஆக்சன் மயிரிழையில் செய்தியைக் கடத்திக்கொண்டிருக்கிறது. சூடு அரை பாகை ஏறினாலும் சோடியக் கதவுகள் சீக்கிரமாக மூடிக்கொள்ளும், செய்தி பாதியில் நின்றுவிடும். சூடு இறங்கினால் மறுபடி போகும். புதிய சேதம் எதுவும் நடப்பதில்லை.

போகும்போது குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலும் ஈரத் துவாயும் கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காய்ச்சலோ சூடோ இல்லாமல் ஒரு புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும். இன்னொன்று. ஷார்கோ என்ற பிரெஞ்சு டொக்டர் இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டு விவரித்தது 1868இல். உங்கள் ஊரின் உயரமும் 1,868 மீட்டர். மாணவர்களுக்கு ஆண்டை நினைவில் வைக்க அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நோர்வூட்: என் அக்கா கொழுந்து எடுக்கிறவர். காலையில் நன்றாக ஏறுகிறார், பத்து மணிக்கு மேல் மலையில் இடது கால் இழுக்கிறது. கங்காணி நடிப்பு என்கிறார். வேலை செய்தால் நோய் கூடுமா?

நடிப்பு இல்லை. வெயிலும் ஏற்றமும் உடம்பைச் சூடாக்குகின்றன. உறையற்ற நரம்பு திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பி ஓய்ந்தும் போகிறது. வேலையால் நோய் கூடாது. அளவான உடற்பயிற்சி இந்த நோயில் நல்லதென்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கால் இழுக்கும்போது சரிவில் விழுந்தால் எலும்பு முறியும். கழுத்தில் ஈரத்துணி, நடுநடுவே நிழலில் பத்து நிமிடம், முடிந்தால் சமதரை வேலை. கிளினிக்கில் இதை எழுதிக் கடிதமாகக் கேளுங்கள். கங்காணியிடமும் துரையிடமும் வாயால் சொல்வதைவிடக் கடிதம் பேசும்.

பண்டாரவளை: இழைமணிக்குப் பலம் தரும் சாப்பாடு எது?

அதற்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. வழமையான நல்ல சாப்பாடு போதும். சிகரெட்டை மட்டும் விடுங்கள், அது இந்த நோயை வேகப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது.

மாத்தளை: இழைமணிக்குச் சக்தி தரும் மாத்திரை என்று பார்மசியில் ஒன்றைக் காட்டினார்கள். பயோட்டின், கோஎன்சைம் எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். பயோட்டின் என்ற விற்றமினின் கதையைக் கேளுங்கள். நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்த ஒரு சிறிய ஆய்வு 2016இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதத்தினர் தேறினார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இல்லை. என் தங்கையும் நானும் அன்றிரவு தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு 642 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2020இல் வந்தது. அதில் தேறியவர்கள் பயோட்டின் எடுத்தவர்களில் 12 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அத்தோடு பயோட்டின் இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைரொயிட் முடிவும் மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் முடிவும் பிழையாக வரலாம். ஏற்கெனவே குடிக்கிறவர்கள் இரத்தம் எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. உறை இழந்த இடத்துக்கு இழைமணிகள் நகர்ந்து வருவதைச் சொன்னேன் அல்லவா? அந்த நகர்வைக் கூட்டினால் எலிகளில் ஆக்சன் பிழைக்கிறது என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். அதற்குப் பயன்படுத்தியவற்றுள் ஒன்று பியோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து. வீட்டில் யாருக்காவது அந்த மாத்திரை இருந்தால் கை வைக்காதீர்கள். அது எலிகளில் நடந்தது.

பதுளை: மீன் எண்ணெய் மாத்திரை இழைமணிக்கு...

மாத்தளைக்காரருக்குச் சொன்னதையே வாசியுங்கள்.

ஹப்புத்தளை: இழைமணி தாயிடமிருந்துதான் வருகிறது என்று படித்தோம். எனக்கு எம்.எஸ். அப்படியானால் என் மூன்று பிள்ளைகளுக்கும் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. இழைமணியின் மரபணுக்கள் 37தான், அவை தாய் வழியில் வருவது சரி. ஆனால் எம்.எஸ். அந்த வழியில் வரும் நோயில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில்தான். அப்பாவுக்கு இருந்தாலும் ஏறத்தாழ அதேதான்.

விதிவிலக்காக ஒன்று உண்டு. லேபர் பார்வை நரம்பு நோய் என்பது உண்மையிலேயே தாய் வழி இழைமணி நோய். அந்த மரபணு மாற்றமுள்ள சில பெண்களுக்கு எம்.எஸ். போன்ற நோயும் சேர்ந்து வருவதை 1992இல் ஹார்டிங் என்ற டொக்டரின் குழு விவரித்தது. மிக அரிது. உங்கள் தாய்வழியில் வாலிப வயதில் வலியில்லாமல் இரு கண் பார்வையும் போன ஆண்கள் இருந்தால் மட்டும் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

தலவாக்கலை: டீச்சர், நீங்களே இழைமணி பழுதானால்தான் நரம்பு சாகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் மூல காரணம் இழைமணி. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் எதற்கு? அவற்றை நிறுத்தி இழைமணியைக் கவனிப்பதுதானே அறிவு?

இல்லை, தம்பி. வீடு எரிகிறது, உள்ளே தண்ணீரும் இல்லை. தண்ணீர் இல்லாததால்தான் வீடு சாம்பலானது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக நெருப்பு வைக்கிறவனை விட்டுவிடலாமா? பி கலங்கள் என்னும் ஒருவகை நோயெதிர்ப்புக் கலங்களை அகற்றும் ஒக்ரெலிசுமாப் மருந்து புதிய தாக்குதல்களை வெகுவாகக் குறைக்கிறது. இழைமணி மட்டுமே காரணமென்றால் அது எப்படி வேலை செய்யும்?

தலவாக்கலை: மூளைக் கலங்களிலேயே இழைமணி மரபணு அறுந்திருப்பதாக 2011இல் ஆய்வு வந்திருக்கிறது. மறைக்காதீர்கள்.

மறைக்கவில்லை. முற்றிய நோயாளரின் நரம்புக்கலங்களில் அதைக் கண்டார்கள். நீண்ட கால அழற்சியின் விளைவாக அது வந்திருக்கலாம் என்பதே அவர்களின் விளக்கம்.

கம்பளை: நான் மருத்துவ மாணவன். தலவாக்கலை அண்ணனுக்கு ஆதரவாக ஒன்று. 2011இல் மியூனிக் குழு எலிகளில் பார்த்தபோது மயலின் உறை உரியாத ஆக்சன்களிலேயே இழைமணி முதலில் வீங்கிச் சிதைந்திருந்தது. அப்படியானால் உறை உரிவது முதல் படி இல்லையே?

இது அருமையான வாதம். நான் முதலில் சொன்ன வரிசைக்கு இது ஒரு திருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். உறை இருக்கும்போதே ஆக்சன் நோயுறலாம். ஆனால் அந்த ஆய்வை முழுக்க வாசியுங்கள், தம்பி. அந்த இழைமணிகளைச் சிதைத்தது எது? அழற்சிக் கலங்கள் விட்ட ஒட்சிசன், நைதரசன் நச்சுகள். அந்த நச்சுகளை நீக்கியபோது சில ஆக்சன்கள் மீண்டன. நெருப்பு வைத்தவன் இங்கேயும் அவனேதான்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நோய் முற்றிய பிறகு அழற்சியை அடக்கும் மருந்துகளின் பலன் குறைகிறது. படிப்படியாக முற்றும் வகையில் ஒக்ரெலிசுமாப் இயலாமை கூடும் ஆபத்தை 24 சதவீதம்தான் குறைத்தது. மிச்சத்துக்கு இழைமணி மருந்து வேண்டும். அது இன்னும் நம் கையில் இல்லை. கையில் இருப்பதை எறிந்துவிட்டு வராததற்குக் காத்திருக்க முடியாது.

பசறை: டீச்சர், இழைமணிக்கு எந்த விற்றமின்...

மேலே மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

மஸ்கெலியா: மாமியார் இது செய்வினை என்று கோடங்கியிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். மறுத்தால் வீட்டில் சண்டை.

என் தங்கையையும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் கூட்டிப்போனோம், நானும் சேர்ந்து. உயிரியல் படிப்பித்த நான். அந்த இரண்டு வருடத்தில் போன நரம்புகள் திரும்பவில்லை, அவள் இன்று கம்பூன்றித்தான் நடக்கிறாள். மாமியாரோடு சண்டை வேண்டாம். மாரியம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், திருநீறு பூசுங்கள், மாமியார் மனம் ஆறட்டும். கிளினிக் திகதி மட்டும் தவறக்கூடாது.

தலவாக்கலை: டீச்சர், வாதத்துக்காகக் கேட்கவில்லை. என் மனைவி எம்.எஸ்.க்கு நோயெதிர்ப்பை அடக்கும் பிங்கோலிமோட் குளிசை எடுத்துக்கொண்டிருந்தார். இழைமணி பற்றி வாசித்த பிறகு நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஐந்து வாரமாகிறது. நேற்றிலிருந்து கால் மரத்துப்போகிறது என்கிறார்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. சரி, இப்போது செய்ய வேண்டியதைச் செய்வோம். அந்தக் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் சில வாரங்களில் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்புவது உண்டு. அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம். இன்றே போன் எடுங்கள், கிடைக்காவிட்டால் நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போங்கள்.

மிச்சமிருக்கும் குளிசையை வீட்டில் நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி எடுக்கும் முதல் வேளையில் இதயத் துடிப்பு இறங்கலாம், ஆறு மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருக்கிறதா என்றும் கேளுங்கள், அதுவும் கால் மரப்பைக் கூட்டும். கடைசியாகக் குளிசை எடுத்த திகதியை ஒரு துண்டில் எழுதி, பழைய எம்.ஆர்.ஐ. படங்களோடு அவர் பையில் வையுங்கள். போய் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.