கிராக் போட்டோஷாப் இறக்கினால் நிஜமாகவே வைரஸ் வருமா? என் நண்பன் மூன்று வருடமாக வைத்திருக்கிறான், ஒன்றும் ஆகவில்லையே?

எனக்கு வந்தது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைப்பவன் நான். 2020 ஊரடங்கு சமயத்தில் சிஸ்டத்தை ஃபார்மட் செய்துவிட்டு, வழக்கம்போல கூகுளில் கிராக் தேடினேன். கிடைத்த ஜிப் ஃபைலுக்கு 1234 என்று ஒரு பாஸ்வேர்டு. இலவசமாகக் கொடுப்பவன் எதற்குப் பூட்டுகிறான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். உள்ளே இருந்த குறிப்பு 'முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தவும்' என்றது. நிறுத்தினேன். அட்மின் அனுமதி கேட்டது. அதையும் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல ஒரு பெட்டி வந்தது. சரி, புதிதாகப் போட்ட விண்டோஸ்தானே என்று சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்தில் ஒரு வால். எதையும் திறக்க முடியவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி தோற்றது. பேக்கப் என்று நான் நம்பியிருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் அப்போது சொருகியே இருந்ததால் அதுவும் போச்சு.

இதன் பெயர் ஸ்டாப் டிஜேவியு. பெரும்பாலும் கிராக், கீஜென் (போலி சீரியல் நம்பர் உருவாக்கும் புரோகிராம்), விண்டோஸ் ஆக்டிவேட்டர் வழியாகவே பரவிய ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு நம்மைப் போன்ற வீட்டு சிஸ்டக்காரர்களையே பிடித்தது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவச டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கும் கருவி, வெளியிட்டது. ஆனால் அதே வருட ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வகைகளில் ஒரு சிக்கல். பூட்டும் நேரத்தில் அதனால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால்தான் பலருக்கும் பொதுவான சாவியைப் போடும், அந்தச் சாவி சிக்கினால் திறக்கலாம். சர்வர் கிடைத்துவிட்டால் உங்களுக்கென்றே தனிச் சாவி. எனக்குத் தனிச் சாவி. வேலை நேரத்தில் இழுத்துக்கொண்டே கிடக்கும் என் பிராட்பேண்ட் அன்றைக்கென்று ஒழுங்காக ஓடியிருக்கிறது!

ஒரு சின்ன ஆறுதல்: அவசரத்தில் அது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் குலைக்கும். அதனால் அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, சில வீடியோக்களை ரிப்பேர் செய்ய முடிந்தது. சிறிய படங்கள் மொத்தமாகப் போயின. ஒரு பார்ட்டிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்; அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்?

இதோடு பாஸ்வேர்டு திருடும் இன்னொரு வைரஸையும் இறக்கிவிடுவது டிஜேவியுவின் வழக்கம். அந்த வகை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு குக்கீயையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சின்ன ஃபைல்) அள்ளும். லாகின் செய்த நிலையிலேயே குக்கீ போய்விட்டால், ஓடிபி கேட்காமலேயே உங்கள் கணக்குக்குள் நுழையலாம்.

இனி உங்கள் நண்பர். 'ஒன்றும் ஆகவில்லை' என்பது அவருக்குத் தெரிந்தவரைக்கும்தான். கிராக் செய்த கேம்களில் ஒளிந்து வந்த கிராக்கோனோஷ் என்ற ஒன்றை 2021-இல் அவாஸ்ட் நிறுவனம் அம்பலப்படுத்தியது. விண்டோஸை சேஃப் மோடில் ஏற்றி, அதன் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நீக்கிவிட்டு, உங்கள் கணினியின் சக்தியை வைத்து சத்தமில்லாமல் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும். 2 லட்சத்து 22 ஆயிரம் கணினிகளில் அது இருந்திருக்கிறது. அவர்களில் பலரும் 'ஃபேன் ஏன் இப்படி இரைகிறது' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள்.

நான் இப்போது சின்ன வேலைகளுக்கு பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா, மற்றதற்கு போட்டோஷாப் மாதச் சந்தா. கடுப்பாகத்தான் இருக்கிறது, கட்டுகிறேன். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது ஓட்டிவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுங்கள். அதே சிஸ்டத்தில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், புதியதும் அங்கேயே போய்ச் சேரும். அப்புறம் விண்டோஸை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு.